பிடில் துரையும் ஆறு கேள்விகளும்

போன வெள்ளிக்கிழமை ஒரு பெண் என்னைப் பேட்டி எடுக்க வந்திருந்தாள். இதழியல் படிக்கிறாளாம். பழைய நிருபர்கள் யாரையாவது தேடிப் பிடித்துப் பேசிவிட்டு வர வேண்டும் என்று கல்லூரியில் வேலை கொடுத்திருக்கிறார்கள். இராமநாதபுரம் வட்டாரத்தில் என்னைவிடப் பழசு கிடைக்கவில்லை போலிருக்கிறது. கையில் கேள்விகள் அச்சடித்த தாள் வைத்திருந்தாள். ஏழாவது கேள்வி, ‘நீங்கள் எடுத்ததிலேயே சிறந்த பேட்டி எது?’ நான் யோசிக்கவே இல்லை. ஒரு மந்திரியின் பெயரைச் சொன்னேன். அவளும் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மருமகள் சாம்பிராணித் தட்டோடு கூடத்துக்குள் வந்தாள். வெள்ளிக்கிழமைப் புகை. சாம்பிராணியோடு ஒரு துண்டு குங்கிலியமும் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், பேத்தி வயதுள்ள ஒரு பெண்ணிடம் இப்படி வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டோமே என்று வெட்கமாகப் போயிற்று. சிறந்த பேட்டி வேறு. அது நான் எடுத்ததும் இல்லை, எந்தப் பத்திரிகையிலும் வந்ததும் இல்லை. நான் அதில் வெறும் மொழிபெயர்ப்பாளன். அவளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் மார்க் போடப் போவதில்லையே.

குங்கிலியம் என்றால் உங்களுக்குப் பூசை அறை ஞாபகம் வரும். எங்கள் கரைப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு முதலில் தோணிதான் ஞாபகம் வரும். பலகை இடுக்குகளை அடைக்கக் குங்கிலியத்தை எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவார்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் கரையில் இறங்கினால் கருவாட்டு வாடையையும் தாண்டிக்கொண்டு அந்த வாசனை வரும். எனக்கோ மூன்றாவதாக ஒன்று ஞாபகம் வருகிறது, ஒரு பிடில். அதை வைத்திருந்தவர் அதன் வில்லுக்குத் தேய்க்கும் பிசின் தீர்ந்துபோய், அடுத்த கப்பலில் வந்து சேரும்வரை தோணிக்காரர்களிடம் குங்கிலியம் வாங்கித் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று மாதமும் பிடிலிலிருந்து நாத்தனாரும் கொழுந்தியாளும் பேசிக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

நாடு சுதந்திரம் வாங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். மதுரையிலிருந்து வந்த ஒரு தினசரிக்கு நான் இராமநாதபுரம் நிருபர். அரண்மனைக்குப் பின்னால் ஒரு மாடி அறை, ஒரு சைக்கிள், ஒரு மைக்கூடு, ஆறு கேள்விகள். இவைதான் என் அலுவலகம். ஆறு கேள்விகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரைப் பேட்டி கண்டாலும் அதே ஆறுதான் கேட்பேன். சொந்த ஊர் எது, வயது என்ன, இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள், பட்ட கஷ்டங்கள் என்ன, மறக்க முடியாத சம்பவம் எது, இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள். கமுதியில் மிளகாய் விளைச்சலில் பரிசு வாங்கிய சம்சாரியிடமும் இதே ஆறு. வலையில் கடல்பசு மாட்டிக்கொண்ட இராமேஸ்வரத்து மீனவரிடமும் இதே ஆறு. ஆறாவது கேள்விக்கு அவர், ‘கடலுக்கு வராதீகன்னு சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு வலையை உதறப் போய்விட்டார். திருப்புல்லாணித் திருவிழாவில் ஒரு நாதஸ்வர வித்வானைப் பந்தியில் வைத்துப் பிடித்தேன். இளைஞர்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்றதற்கு, முதலில் ரசம் ஊற்றச் சொல்லுங்கள் என்றார். ‘இளைஞர்கள் எதையும் வரிசைப்படி செய்ய வேண்டும் என்று வித்வான் அறிவுறுத்தினார்’ என்று எழுதி அனுப்பினேன். அப்படியே வந்தது.

சங்கீதத்தில் எனக்கு இருந்த ஞானமும் இவ்வளவுதான். கச்சேரி எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பது தெரியும். தனி ஆவர்த்தனம் வந்தால் முடிந்துவிட்டது என்று எழுந்து ரயிலைப் பிடிக்கப் போனதும் உண்டு. ‘இசைமழை பொழிந்தார்’, ‘சபையோர் மெய்ம்மறந்தனர்’ என்று இரண்டு வாக்கியங்கள் கைவசம் வைத்திருந்தேன். மெய்ம்மறந்த சபையோரில் பாதிப் பேர் தூணில் சாய்ந்து குறட்டை விட்டதை எழுதும் வழக்கம் அப்போது இல்லை.

இப்படிப்பட்டவனை நம்பி ஆசிரியர், ஆண்டு மலருக்கு நம் ஜில்லாவின் இசையைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார். நாலு வித்வான்கள் கிடைத்துவிட்டார்கள். ஐந்தாவதாக ஒரு அதிசயம் வேண்டும் என்று அலைந்தபோது ரயில் கார்டு ஒருவர்தான் சொன்னார், மண்டபத்தில் ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டே பிடில் வாசிக்கிறாராம்.

மார்ட்டின் கானலி என்று பெயர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் போய்வந்த கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். வெள்ளைக்காரர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் இவர் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில், காசிம் பாய் என்ற சமையல்காரரோடு இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய கட்டை பிரம்மச்சாரி. ஊரில் பிடில் துரை என்றால்தான் தெரியும். அவர் நின்றுகொண்டு வாசிப்பதைப் பார்த்து, உட்கார இடமில்லாமல் கஷ்டப்படுகிறாரோ என்று அக்கம்பக்கத்தில் ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதன் மேல் அவர் ஒரு காலை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டார்.

முதல் கேள்வியிலேயே எனக்கு அடி விழுந்தது. சொந்த ஊர் எது, இங்கிலாந்தில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அடுப்படியிலிருந்து காசிம் பாய் தலையை நீட்டி, “தம்பி, அதக் கேக்காதீக. போன தடவ ஒருத்தரு அப்பிடிக் கேட்டு, காப்பி குடிக்காமத் திரும்புனாரு. இவுக இங்கிலீசுக்காரரு இல்ல, அவுகளால அடிபட்டவுக” என்றார்.

அயர்லாந்து என்ற தேசத்தைப் பற்றி அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். மற்ற ஐந்து கேள்விகளுக்கு இடமே இல்லை. அவருடைய கிராமம் மேற்குக் கடற்கரையில் இருந்தது. அங்கே மழை பெய்யாத நாளை ஞாபகம் வைத்துக்கொண்டு வருஷம் சொல்வார்களாம். நம் பக்கத்தில் பெய்த நாளை வைத்துச் சொல்வோம். விறகு கிடையாது, சதுப்பு மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். உருளைக்கிழங்கு பொய்த்தால் பஞ்சம். பஞ்சம் வந்தால் கப்பல். இங்கே ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று போனோம், அவர்கள் அமெரிக்கா போனார்கள். அப்புறம், அங்கே யாரையாவது ‘எங்கே போகிறீர்கள்’ என்று கேட்டால், ‘ஏன் கேட்கிறீர்கள்’ என்று பதில் வருமாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது பரமக்குடிக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ்காரனை யார் விரட்டியது என்பதில் மட்டும் அங்கே கிராமத்துக்கு நாலு கட்சி என்றார். அதுவும் நமக்குப் புதிதில்லை.

அப்புறம் வாசித்தார். வேகமான பாட்டெல்லாம் கும்மிக்கு ஒத்துவரும்போல் இருந்தது. மெதுவான பாட்டு ஒன்று வாசித்தபோது எனக்கு அழுகை வரப் பார்த்தது. அழுகை வந்தால் முகாரி என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்ததால், ‘அயர்லாந்து முகாரி’ என்று குறித்துக்கொண்டேன். மலர் வெளிவந்ததும் ஒரு சங்கீத வாத்தியார் இதற்காக ஆசிரியருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். அதில் என்னைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது.

பேட்டி முடிந்து கிளம்பும்போது துரை என்னை ஒரு கேள்வி கேட்டார். முந்தின மாதம் ரயில்வே குடியிருப்பில் ஒரு கலாசித் தொழிலாளி இறந்துபோனாராம். அங்கே ஒரு பெண் பாடினாள். காலையிலிருந்து மத்தியானம்வரை வேலிப் பக்கத்தில் நின்று கேட்டாராம், அது என்ன பாட்டு என்றார். இண்டர்மீடியட் படித்தவன் இல்லையா நான், அது பாட்டு இல்லை சார், படிக்காத ஜனங்கள் அழுகிறது என்றேன். அவர் சிரித்தார். எங்கள் ஊரிலும் படித்தவர்கள் இப்படித்தான் சொன்னார்கள் என்றார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது தாத்தா செத்த வீட்டுக்குக் கிழவிகள் வந்து, செத்தவரோடு நேருக்கு நேர் பேசுகிற மாதிரி அடி அடியாகக் கட்டி அழுதார்களாம். பாதிரிமார் கண்டித்தார்கள், பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள், அந்தக் கிழவிகளும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மண்டபத்தில் அந்தப் பெண் பாடியதைக் கேட்டபோது ஊரில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது என்றார். அவளை ஒருமுறை இங்கே வந்து பாடச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

அவள் பெயர் முத்திருளாயி. மண்டபம் ஸ்டேஷனில் பனங்கிழங்கும் நுங்கும் அந்தந்தக் காலத்துக்கு எது உண்டோ அதை விற்பவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். உச்சிப்புளியிலிருந்து பாம்பன்வரை எங்கே சாவு விழுந்தாலும் ஆள் அனுப்பிக் கூட்டிப் போவார்கள். நான் பேனாவும் நோட்டுமாக அவள் முன்னால் போய் நின்று, துரை வீட்டில் வந்து ஒரு ஒப்பாரி பாட வேண்டும், பத்திரிகையில் உங்கள் பெயர் வரும் என்றேன். கிழங்கை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரு செத்தா?”

யாரும் சாகவில்லை, சும்மா கேட்கத்தான் என்றேன்.

“சும்மா கெடக்குற வீட்டுல ஒப்பாரி வச்சா அந்த வீடு வெளங்குமா தம்பி? நாளைக்கே அங்கன ஒண்ணு விழுந்துரும். வாயில வச்சுப் பேசாதீக, போங்க.”

அதற்கு மேலும் விடாமல் ஆறு கேள்விகளை எடுத்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. இளைஞர்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்றுகூடக் கேட்டேன். நல்லா இருக்கணும், வேற என்ன சொல்ல என்றாள். இரண்டு பனங்கிழங்கு கொடுத்து அனுப்பினாள்.

கட்டுரை வந்தது. துரையைப் பற்றி நான் எழுதிய நாலு பக்கத்தை ஆசிரியர் பதினோரு வரியாகச் சுருக்கியிருந்தார். பெயரும் உத்தியோகமும் மட்டும் தப்பாமல் இருந்தன. இருந்தாலும் அச்சில் வந்ததல்லவா, மலரை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்துக்கு ரயில் ஏறினேன்.

வாசலிலேயே காசிம் பாய் என்னை நிறுத்தினார். துரையின் அம்மா மவுத்தாகிவிட்டார்கள், நேற்று சாயங்காலம் காகிதம் வந்தது, அதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார். உள்ளே போனால் துரை சட்டை பொத்தான் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிடில் பெட்டி மூடியிருந்தது. மடியில் கடிதம். எழுதியவர் அவருடைய தங்கை. கடிதம் வந்து சேரவே ஆறு வாரம் ஆகியிருந்தது. அடக்கம் எப்போதோ முடிந்துவிட்டது.

மலரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவராகவே பேசினார். கடிதத்தில் ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டினார். எல்லாம் மரியாதையாக நடந்தது, யாரும் சத்தம் போடவில்லை என்று தங்கை எழுதியிருந்தாள். அந்த வரியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பழைய கிழவிகள் அழுகிற மாதிரி தன்னையும் யாராவது கூப்பிட்டு அழ வேண்டும் என்பது அம்மாவுக்கு ஆசையாம். விளையாட்டாகச் சொல்வது போல் அடிக்கடி சொல்வாளாம். அந்தக் கிழவிகள்தான் யாரும் மிச்சமில்லையே. மாதா கோயில் சாமியாரிடம் பூசை வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஆனால் பூசையில் கடவுளோடுதான் பேசுவார்கள், என் அம்மாவோடு கடைசியாக யாரும் பேசவில்லை என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை.

நான் எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போகும் வழியெல்லாம் முத்திருளாயி என்ன சொல்வாளோ என்று பயம். செத்தவள் யாரோ எவளோ, செத்தது எங்கேயோ, செத்தும் ஆறு வாரம். எடுத்துப் புதைத்து, புல் முளைத்திருக்கும். அவளுடைய கிழங்குப் பெட்டியைச் சுற்றி ஜனம் இருந்ததால், ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“செத்தது நெசந்தான?”

காகிதம் வந்திருக்கிறது என்றேன். ஆனால் ஆறு வாரம் ஆகிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

“காயிதம் என்னைக்கு வந்துச்சு?”

நேற்று சாயங்காலம் என்றேன்.

“அப்ப நேத்துத்தான் செத்துருக்காக. கேட்ட நாளுதான தம்பி சாவு நாளு? மலேயாவுல, கொழும்புல செத்தவுகளுக்கெல்லாம் நம்ம என்ன செய்யிறோம்? சேதி வந்த அன்னைக்குத்தான தல முழுகுறோம். பொட்டிய அந்தப் பிள்ளகிட்டக் குடுத்துட்டு வாரேன், நில்லுங்க.”

இவ்வளவு சுலபமாக ஒரு சிக்கல் அவிழ்ந்ததை நான் அதற்குப் பிறகு எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை. வழியில் இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி வெயில் முற்றத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. துரை எழுந்து நின்றார். முத்திருளாயி அவரைப் பார்த்துக் கை கூப்பவில்லை, விரித்தாள். சாவு வீட்டில் கும்பிடக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் அவரும் கையை விரித்தார்.

அழுவதற்கு நடுவில் ஏதாவது வேண்டும் என்றாள். உடல் இல்லை, படமும் இல்லை. அவுக கைப்பட்டது ஏதாச்சும் இருக்கா என்று கேட்கச் சொன்னாள். துரை உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அம்மா வருஷத்துக்கு ஒன்றாகப் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டைகள், இருபதுக்குக் குறையாது. மண்டபத்து வெயிலில் கம்பளிச் சட்டையை என்ன செய்வார்? ஒன்றைக்கூட உடுத்தாமல், ஒன்றையும் யாருக்கும் கொடுக்காமல், அந்துருண்டை போட்டு வைத்திருந்தார். இங்கே குளிரே கிடையாது என்று அம்மாவிடம் கடைசிவரை எழுதவில்லையாம். முத்திருளாயி ஒரு சட்டையை வாங்கிப் பிரித்து, கைகளை இரண்டு பக்கமும் நீட்டிப் பாயில் படுக்க வைத்தாள். அதைப் பார்த்ததும் கூட வந்த பெண்கள் தலைமுடியை அவிழ்த்தார்கள்.

நான் வழக்கம்போல் நோட்டை எடுத்தேன். “அந்தத் தாள மடிங்க தம்பி. இத எழுதி ஒரு வீட்டுக்குள்ள கொண்டுட்டுப் போகக் கூடாது” என்றாள். மடித்துப் பையில் வைத்தேன். அப்புறம்தான் அந்தப் பேட்டி தொடங்கியது.

துரைக்குத் தமிழ் தெரியும், ஆனால் அது கப்பலில் கரி அள்ளுகிறவர்களிடம் பேசுகிற தமிழ். பெற்றவளைப் பற்றிப் பேச அதில் ஒரு சொல்கூட உதவாது. அவள் தமிழில் கேட்க நான் இங்கிலீஷில் சொன்னேன், அவர் சொன்னதைத் தமிழில் திருப்பினேன். அவுக பேரு என்ன. கடல் தெரியிற ஊரா. எத்தனை பெத்தாக, எத்தனை தங்குச்சு. ஒன்பது பெற்று ஐந்து தங்கியது என்றார். அவள் அந்த நாலு பேரின் பெயரையும் கேட்டாள். புருசன் முந்துனாரா, இவுக முந்துனாகளா. காலையில எந்திரிச்சதும் மொத வேல என்ன. மண்ணை மூட்டி நெருப்பை ஊதுவது என்றார். நான் அதை விளக்கியதும், பாவம், வெறகுக்கே பஞ்சமா என்று பெண்களில் ஒருத்தி உச்சுக் கொட்டினாள். மாடு இருந்ததா என்று கேட்டாள். ஒரே ஒரு பசு என்றார். அதுக்கு என்ன பேரு என்றாள். துரை யோசித்து, யோசித்து, பசுவின் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் ஆறு கேள்விகளில் ஒன்றாவது இப்படி ஒரு மனிதரைத் தொட்டிருக்குமா என்று அப்போதே எனக்கு உறைத்தது. அவள் ஒன்றையும் வம்புக்குக் கேட்கவில்லை. ஒவ்வொன்றும் பாட்டில் எங்கே வைக்க வேண்டும் என்று யோசித்துக் கேட்டாள். ஊரிலிருந்து கடைசியாகக் கிளம்பி வந்த அன்றைக்கு அம்மா எதுவரை கூட வந்தாள் என்று கேட்டாள். பாதை திரும்புகிற முடக்குவரை வந்தாள், பால் கறக்க நேரமாகிவிட்டது என்று அங்கேயே நின்றுகொண்டாள், இருபத்திரண்டு வருஷம் ஆகிறது என்றார்.

“ஒங்கள வீட்டுல என்னன்னு கூப்புடுவாக?”

மார்ட்டின் என்று நானே பதில் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“அது ரயில்காரவுக கூப்புடுற பேரு. பெத்தவ என்னன்னு கூப்புடுவா, அதக் கேளுங்க.”

கேட்டேன். துரை பாயில் கிடந்த சட்டையைக் குனிந்து பார்த்தார். அப்புறம் ஒரு சொல் சொன்னார். இங்கிலீஷ் இல்லை, அவர்களுடைய சொந்த பாஷை. முத்திருளாயி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அவர் திருத்தினார். மறுபடி சொன்னாள். நாலாவது தடவை சொன்னபோது அவர் ‘ஆமாம்’ என்று தமிழில் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

நாலு பெண்களும் சட்டையைச் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பாடினாள். மழை விடாத சீமையும் மண் நெருப்பும் தங்காமல் போன நாலு பிள்ளைகளும் பசுவும் எல்லாம் அதனதன் இடத்தில் வந்தன. எனக்கு முழுசாக நினைவிருப்பது ஒரே ஒரு அடிதான். மகன் பாடுவது போல அவள் பாடியது.

பாதை முடக்குவரை – என் தாயே
பையக் கூட நடந்து வந்தே
முடக்குத் தாண்டி வந்திருந்தா – ஒன்
மொகத்த இன்னும் பாத்திருப்பேன்

அதற்கு அடுத்த அடியில் தாய் பதில் சொல்வாள். மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போன இடத்தில் சாப்பிட்டாயா என்று கேட்பாள். அவருடைய அம்மா கூப்பிட்ட அந்தப் பெயரைச் சொல்லி முத்திருளாயி மூன்று தடவை கூப்பிட்டாள். மற்ற மூன்று பெண்களும் சேர்ந்து கூப்பிட்டார்கள். பிடில் துரை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். அவர் என்ன வார்த்தை சொல்லி அழுதார் என்று எனக்குப் புரியவில்லை, யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவும் இல்லை. நானும் அழுதேன். எங்கள் அய்யா இறந்தபோது மூத்த மகன் என்று அடக்கிக்கொண்டது எல்லாம் அன்றைக்கு வந்தது. அடுப்படி வாசலில் காசிம் பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ‘இன்னா லில்லாஹி’ என்று சாவுச் சேதிக்குச் சொல்லும் வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பாட்டு நின்றதும் முத்திருளாயி கூந்தலை முடிந்துகொண்டு சாதாரணமாக எழுந்தாள். துரையைக் கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொன்னாள். அழுததுக்கு நீங்களும் ஊத்துங்க என்று என்னையும் பார்த்துச் சொன்னாள். கப்பல் இன்ஜினியரும் நிருபரும் சட்டையோடு பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நிற்க, காசிம் பாய் வாளி வாளியாக இறைத்து ஊற்றினார். அதற்குப் பிறகு துரை கஞ்சி குடித்தார். அன்றைக்குப் பிடிலைத் தொடவில்லை. வெற்றிலை மட்டும் வாங்கிக்கொண்டு பெண்கள் போய்விட்டார்கள். சாயங்கால வண்டிக்கு நான் ஸ்டேஷனில் நின்றபோது முத்திருளாயி பழையபடி கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். போய்ட்டு வாங்க என்று யாரோ போல் சொன்னாள்.

இதை நான் எழுதவே இல்லை. அவள் சொன்னதற்குப் பயந்து மட்டும் இல்லை. எப்படி எழுதினாலும் ஆசிரியர் பதினோரு வரியாக்கிவிடுவார் என்று தெரியும். அடுத்த வருஷம் என்னை மதுரைக்கு மாற்றினார்கள். அதற்கு மூன்று வருஷம் கழித்து துரை வேலை முடிந்து ஊருக்குக் கப்பலேறியதாகக் கேள்விப்பட்டேன். இங்கிருந்து அயர்லாந்துக்கு இருபது கம்பளிச் சட்டையோடு போன ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார். காசிம் பாய் தொண்டிப் பக்கம் மகளோடு போய் இருந்து காலமானார். முத்திருளாயிக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்க எனக்குப் பத்து வருஷம் நேரம் கிடைக்கவில்லை. கிடைத்தபோது விசாரிக்க ஆள் இல்லை. அந்த ஓட்டு வீடும் இல்லை, அவர் வேலை பார்த்த கப்பலும் இல்லை, அது வந்து நின்ற துறையும் இல்லை.

மார்ட்டின் கானலி, இரண்டாம் இன்ஜினியர். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன், பத்திரிகையில் எழுதிய பெயர். அவருடைய அம்மா கூப்பிட்ட பெயரை அன்று என் காதால் எத்தனையோ தடவை கேட்டேன். இரண்டே அசை. முதல் எழுத்து பகரமா மகரமா என்றுகூட இப்போது பிடிபடவில்லை. விடியற்காலையில் முழிப்பு வந்தால் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பார்க்கிறேன். அதைச் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள் இந்தக் கரையில் ஒரு காலத்தில் ஐந்தாறு பேர் இருந்தோம். மிச்சம் இருக்கிறவன் நான் ஒருத்தன்தான், எனக்கு அது மறந்துபோயிற்று.